பிரேக்கை நம்ம வீட்டு யார்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: அண்ணா, எங்கள் கார் ஒன்பது வருடம் ஓடிவிட்டது, வாரன்டி, சர்வீஸ் பிளான் எல்லாம் முடிந்தாயிற்று. போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது ஏசி ஃபில்டர், முன் பிரேக் பேட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றச் சொல்லி டீலர் எழுதிக் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்ததும் தலை சுற்றியது. என் தம்பி, "விடு அக்கா, ஞாயிற்றுக்கிழமை நானே முடிச்சிடுறேன்" என்கிறான். செய்ய விடலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் தங்கச்சி. தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம்.

ஏசி ஃபில்டருக்குத் தம்பிகூட வேண்டாம், நீங்களே மாற்றிவிடலாம். பெரும்பாலான கார்களில் கிளவ்பாக்ஸைக் கழற்றினால் பின்னால் சின்ன மூடி இருக்கும், அதற்குள்தான் ஃபில்டர். அதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே புதியதைச் செருகுங்கள். டோங்காட்டில் இருந்தபோது, கரும்பு எரிக்கும் காலம் முடிந்து ஒருமுறை கழற்றினேன். மடிப்புக்கு மடிப்பு கரிய சாம்பல், நடுவே கருகிய தோகைத் துணுக்குகள். அத்தனை நாளும் ஏசி காற்று ஏன் திணறித் திணறி வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, பிரேக் பேட். முதலில் டீலருக்குப் போன் போட்டு, பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். புதுசில் 10 முதல் 12 வரை இருக்கும், 3 பக்கம் வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். 6 என்றால் அவசரமே இல்லை. தம்பி இந்த வேலையை முன்பே செய்திருக்கிறானா, ஜாக்கோடு, தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டும் வைத்திருக்கிறானா என்று பாருங்கள், இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விடாதீர்கள். என் மாமா யார்டில் வெறும் ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியிருந்தோம், ஜாக் சரிந்து டிஸ்க் அப்படியே சிமென்ட்டில் இறங்கியது. ஒரு நிமிடம் முன்னால் என் கை அங்கேதான் இருந்தது. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் காரை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கச் சொல்லுங்கள். முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும், இதை மறந்து கியர் போட்டால் கார் கேட்டில்தான் போய் நிற்கும்.

பிரேக் ஆயிலை வீட்டில் தொடவே வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், டர்பன் கடற்கரைக் காற்றைக் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற ரகப் பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தால் அது 155 வரைக்கும் இறங்கலாம். குடும்பத்தோடு ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் பைன்டவுனுக்கு இறங்கும்போது பிரேக் சூடேறி ஆயில் கொதித்துவிட்டால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். மாற்றும்போது காற்றுக்குமிழி தங்கினாலும் இதே கதிதான்.

அதற்காக டீலரிடமே போக வேண்டும் என்றில்லை, நல்ல தனியார் கராஜ் போதும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருத்திய புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு, கழற்றிய பழைய பாகங்களையும் உங்களிடம் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். (வாரன்டி இன்னும் இருக்கிற வாசகர்களுக்கு: 2021 ஜூலை 1 முதல் அமலில் உள்ள போட்டி ஆணைய வழிகாட்டுதல்படி, வெளியே சர்வீஸ் செய்தீர்கள் என்பதற்காக மட்டும் வாரன்டியை ரத்து செய்யக் கூடாது, ஆனால் அந்த வேலையால் ஏதாவது கெட்டுப்போனால் அதற்கு வாரன்டி கிடைக்காது.)

பேட் எத்தனை மில்லிமீட்டர் என்று டீலர் சொன்னதும் எனக்கு எழுதுங்கள். தம்பியிடம் ஸ்டாண்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்து.