தூண்டிலை நட்டுவிட்டு டீக்கடைக்குப் போனால் என்ன தப்பு?

"நாலு தூண்டிலைக் கரையில் குத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நஷ்டம் மீனுக்குத்தானுங்க. ஆள் பக்கத்தில் இருந்தால் தக்கை அமுங்கியதும் சுண்டி இழுப்பார். தூண்டில் முள் உதட்டோடு நிற்கும். பொடி ஜிலேபி மீனாக இருந்தால் கழற்றித் திரும்ப விட்டுவிடலாம். ஆள் இல்லாவிட்டால் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும், விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

அப்புறம் பறவைகள். முள்ளில் துடிக்கும் மீன் நீர்க்காகத்துக்குச் சுலபமான இரை. மீனோடு முள்ளையும் விழுங்கும், இல்லையென்றால் தூண்டில் நரம்பான தங்கூசி இறக்கையில் சுற்றிக்கொள்ளும். கோவைக் குளங்களில் நீர்க்காகத்துக்குப் பஞ்சமே இல்லை. அறுந்த தங்கூசி நைலான், மட்காது.

சிங்காநல்லூர் குளக்கரையில் ஒருநாள் காலை நடந்தபோது என் செருப்பில் ஒன்று மாட்டியது. குனிந்து பார்த்தால் முள்ளில் காய்ந்த மாவு உருண்டை அப்படியே இருந்தது. வெறுங்காலோடு ஒரு குழந்தை வந்திருந்தால்?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பல குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும்; அங்கே குத்தகைதாரரைக் கேட்க வேண்டும். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் இரண்டும் பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலை எடுக்கவே வேண்டாம்.

ஆளில்லாத தூண்டிலைப் பார்த்தால் அறுக்காதீர்கள், மிச்ச நரம்பு தண்ணீரிலேயே கிடக்கும். "ஏனுங்க, இது யாருதுங்க?" என்று ஒரு குரல் கொடுங்கள். பெரும்பாலும் டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வருவார்.