களிம்பை நிறுத்தியதும் திரும்பும் படர்தாமரை

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. எட்டு மாதங்களாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை இருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் மூன்றே நாளில் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது என் மனைவிக்கும் வந்துவிட்டது. பூஞ்சையின் வித்து துணியில் தங்கியிருக்கும் என்கிறார் ஒரு நண்பர். துவைத்த துணியில் அது எப்படி உயிரோடு இருக்கும்?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் துணியைவிட அந்தக் களிம்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். முதலில் வித்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

படர்தாமரையை உண்டாக்குவது பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சை. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு உணவு. மெல்லிய இழைகளாக வளர்ந்து, நொதிகளைச் சுரந்து, கெரட்டினைக் கரைத்து உறிஞ்சுகிறது. ஓரிடத்தில் தொடங்கி நாலாபுறமும் பரவுவதால் வட்டமாகத் தெரிகிறது. நடுப்பகுதி தெளிந்துவர, சிவந்து தடித்த விளிம்பில் பூஞ்சை மும்முரமாக வளர்ந்துகொண்டிருக்கும்.

பூஞ்சைகள் வித்து உண்டாக்கும் முறை ஒன்றிரண்டல்ல. பழைய ரொட்டியில் படரும் கறுப்புப் பூஞ்சை, இழையின் நுனியில் சிறு பைகளைத் தோற்றுவித்து அவற்றுக்குள் வித்துகளை நிரப்புகிறது. சமையலுக்கு வாங்கும் காளான், குடையின் அடியில் உள்ள மடிப்புகளில் இரண்டு கருக்கள் இணைந்த பிறகு, பாலின முறையில் வித்துகளை உருவாக்குகிறது. உங்கள் தோலில் இருக்கும் பூஞ்சைக்குத் துணையும் தேவையில்லை, தனி உறுப்பும் தேவையில்லை. இழையின் குறுக்கே சுவர்கள் எழும்புகின்றன. ஒவ்வொரு துண்டும் தடித்த உறையைப் போர்த்திக்கொள்கிறது. பிறகு இழை துண்டு துண்டாக உடைகிறது. கரும்பைக் கரணைகளாக வெட்டி நட்டால் ஒவ்வொரு கரணையும் முளைப்பதுபோல, ஒவ்வொரு துண்டும் தனிப் பூஞ்சையாக வளர வல்லது. இவற்றுக்கு ஆர்த்ரோஸ்போர் என்று பெயர்.

பரிசோதனையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வட்டத்தின் விளிம்பைச் சுரண்டி, அந்தச் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவோம். சிறிது நேரத்தில் தோல் செல்கள் கரைந்து மங்கிவிடும். நுண்ணோக்கியின் கீழ், கிளைவிட்ட பூஞ்சை இழைகள் மட்டும் பளிச்சென்று தெரியும். சில இழைகள் ஒரு பாதி நேராகவும் மறு பாதி வரிசையான சதுரத் துண்டுகளாகவும் இருக்கும். சொறியும்போது உதிரும் செதில்களில் இருப்பவை இந்தத் துண்டுகள்தான்.

உதிர்ந்த செதிலுக்குள் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடையின் எலாஸ்டிக் மடிப்பு, அரைஞாண் கயிறு எல்லாம் அவற்றுக்கு இருப்பிடம். மறுபடி வியர்வையில் ஊறிய தோலில் பட்டால் சில மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நாளில் முளைத்துவிடும். அயர்ன் சூட்டில் நாள் முழுவதும் வியர்த்து நிற்கும் உங்களுக்கு, இடுப்புப் பட்டி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

ஒரு நல்ல செய்தி: சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும், இந்தப் பூஞ்சையின் வித்துகள் தாங்குவதில்லை. 60 டிகிரிக்குக் குறையாத சூட்டு நீரில் ஊறவைத்துத் துவைத்தால் அழிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசினால் அப்படி நடக்காது. வீட்டார் துணிக்கும் தொற்றிக்கொள்ளக்கூடும். உங்கள் துணிகளைத் தனியாகத் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயவைத்து, தையல் ஓரங்களில் அழுத்தி அயர்ன் செய்யுங்கள். அரைஞாண் கயிற்றைக் குணமாகும்வரை கழற்றி வைப்பது நல்லது.

இனி களிம்பு. அந்த ட்யூபை எடுத்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதேனும் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. அதை எதிர்த்து நிற்கும் உங்கள் தோலின் தற்காப்பை அடக்கிவிடுகிறது. சிவப்பு குறைகிறது, பூஞ்சை தடையின்றிப் பெருகுகிறது. தொடை இடுக்கில் நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து, நிரந்தரமான வரித்தழும்புகளும் விழும். இதைத் தெரிந்தே கையில் கொடுத்து அனுப்புகிறார்களே என்பது எனக்குத் தீராத வருத்தம். உடனே நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும்; பயந்து மீண்டும் அதையே எடுத்துவிடாதீர்கள்.

எட்டு மாதப் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் தேவைப்படும். முன்பு நன்றாகக் கேட்ட டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அசையாத ஒரு வகைப் பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். அதனால் இப்போது பலருக்கு இட்ராகோனசோல் தருகிறோம். இதய பலவீனம், கல்லீரல் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரைகள் சாப்பிட்டாலோ அது ஆபத்தாகலாம் என்பதால், தோல் மருத்துவரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பை விளிம்புக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடருங்கள். கண்ணுக்கு மறைந்த இடத்திலும் வித்துகள் எஞ்சியிருக்கும்.

மனைவியையும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும். அவர் கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு எழுதிய மாத்திரையை அவருக்குக் கொடுக்கக் கூடாது.