கார்லைல் கல்லூரி அல்ல

கேள்வி: 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தார்ப் விளையாடிய கார்லைல் கல்லூரிக் கால்பந்து அணி, அமெரிக்க ராணுவ அகாதமியின் அணியையே தோற்கடித்ததாகப் படித்தேன். அப்படியானால் அந்த ஆண்டின் சாம்பியன் கார்லைல்தானே? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த அமெரிக்கக் கால்பந்தில் அப்போது இறுதிப் போட்டி என்று எதுவும் கிடையாது. பிற்காலத்தில் கணக்குப் பார்த்தவர்களில் பெரும்பாலோர், ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற ஹார்வர்டுக்கே 1912-இன் முதலிடத்தைக் கொடுத்தார்கள். கார்லைல் 14 ஆட்டங்களில் 12-இல் வென்றது, ஒன்றைச் சமன் செய்தது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 என்று தோற்றது. ஆனால் கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் ‘கல்லூரி’யைக் கடந்து போக எனக்கு மனமில்லை. கார்லைல் கல்லூரியே அல்ல.

பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில் ராணுவம் கைவிட்டிருந்த பாசறைக் கட்டடங்களில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-இல் தொடங்கிய பூர்வகுடிச் சிறுவர் சிறுமியருக்கான அரசுத் தொழிற்பள்ளி அது. வந்து இறங்கிய பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. பாதி நாள் பாடம், பாதி நாள் பட்டறை வேலை. அதற்கு மேல், சுற்று வட்டாரத்து வெள்ளையர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் மாதக்கணக்கில் வேலைக்கு அனுப்பி வைப்பார்கள். இந்தியனை (பூர்வகுடியினரை அப்படித்தான் அழைத்தார்கள்) கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று பிராட் 1892-இல் மேடையிலேயே சொன்னார். அந்த வளாகத்துக் கல்லறையில் புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எச்சங்களை அவரவர் குலத்தாரிடம் ஒப்படைக்கும் பணியை அமெரிக்க ராணுவம் 2017-இல்தான் தொடங்கியது.

விளையாட்டைப் பற்றிக் கேட்டால் அரசியல் பேசுகிறீர்களே என்று சில வாசகர்கள் எனக்கு ஆண்டுக்கணக்காக எழுதி வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். ராணுவ அதிகாரி ஒருவர் ராணுவக் கட்டடத்தில் நடத்தத் தொடங்கிய பள்ளியின் மாணவர்கள், 1912 நவம்பர் 9 அன்று ராணுவ அகாதமி இருக்கும் வெஸ்ட் பாயிண்டுக்கே சென்று, நாளைய ராணுவ அதிகாரிகளை 27–6 என்று வென்றார்கள். வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா என்ற பூர்வகுடி மக்களைக் கொன்று குவித்து அப்போது 22 ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. கார்லைலுக்கு முதன்முதலில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளும் லகோட்டா குலத்தவரே. இந்த வரலாற்றை நீக்கிவிட்டு அந்த ஆட்டத்தைச் சொன்னால், மிஞ்சுவது வெறும் புள்ளிக்கணக்கு.

அந்த நவம்பர் நாளைப் பற்றி நம் பத்திரிகைகளில் எப்போதாவது வரும் கட்டுரைகளும் தார்ப் ஒருவரையே போற்றிவிட்டு நின்றுவிடுகின்றன. ஒரு குழுவின் உழைப்பை ஒற்றை நாயகன் கணக்கில் எழுதும் இந்தப் பழக்கத்தை நான் தொடர்ந்து எதிர்த்து வருகிறேன். தார்ப்பின் பெருமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார், பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான டிவைட் ஐசனோவர் அன்று ராணுவ அணியில் அவரைப் பிடித்து நிறுத்தப் பாடுபட்டார். எனினும் அந்த ஆட்டத்தில், பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் கிடைக்கும் டச் டவுன்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் கார்லைலின் அலெக்ஸ் அர்காசா. தார்ப்பின் ஓட்டங்கள் வழி திறந்தன, அர்காசா எல்லைக்கோட்டைக் கடந்தார், எந்த நேரத்தில் எந்த உத்தி என்று களத்தில் முடிவெடுத்தவர் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். டச் டவுனுக்கு ஆறு புள்ளி, பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு என்ற விதிகள் அந்த ஆண்டில்தான் வந்தன. வேகத்தையும் போக்குக் காட்டும் உத்திகளையும் நம்பிய இந்த அணி அவற்றை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டு, பருவம் முழுவதிலும் 504 புள்ளிகளைக் குவித்தது. ஆட்டங்களில் பெரும்பாலானவை எதிரணி ஊர்களில் நடந்தன. கூட்டம் அங்கேதான் கூடும், நுழைவுக் கட்டணத்தில் பங்கும் அங்கேதான் கிடைக்கும்.

அந்தப் பணத்தின் கதையைப் பள்ளியைப் புகழ்பவர்கள் சொல்வதே இல்லை. விளையாட்டு நிதி பயிற்சியாளர் பாப் வார்னரின் பிடியில் இருந்தது. 1913 சனவரியில், தார்ப் முன்பு வட கரோலினாவில் ஊதியம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியது செய்தியானபோது, தனக்கு எதுவும் தெரியாது என்று வார்னர் கைகழுவினார். அதை நம்ப வரலாற்றாசிரியர் பலர் மறுக்கிறார்கள், நானும் மறுக்கிறேன். ஊதியம் வாங்கி ஆடியவர்களுக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை என்பதால், பழி முழுவதும் மாணவன் தலையில் விழுந்து, பதக்கங்கள் பறிபோயின. தார்ப் இறந்து 29 ஆண்டுகள் கழித்து, 1982-இல்தான் ஒலிம்பிக் குழு மனம் மாறியது. அப்போதும் அவரை இணை வெற்றியாளராகத்தான் ஏற்றது, தனி வெற்றியாளர் என்று அறிவிக்க 2022 வரை ஆனது.

வாசகரே, 1912 அணியின் துணிச்சலுக்கு நான் காட்டும் முதல் சான்று வெஸ்ட் பாயிண்ட் வெற்றி அல்ல. அடுத்த ஆண்டு பள்ளி நிர்வாகத்தின் மீது விசாரணை கோரி இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்ட மனுவுக்கு முன்னின்றவர் அதே கஸ் வெல்ச். அதன் விளைவாக 1914-இல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது, பள்ளித் தலைவரான கண்காணிப்பாளர் பதவி இழந்தார், வார்னரும் அந்தப் பருவத்தோடு பிட்ஸ்பர்குக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்களாகப் புகழப்பட்டவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பள்ளியை நடத்தியவர்களையே விசாரணைக் கூண்டில் நிறுத்தினார்கள். 1918-இல் பள்ளியும் மூடப்பட்டது.

நீங்கள் கேட்ட சாம்பியன் பட்டம் அந்த அணியில் ஒருவருக்குப் பின்னர் வாய்த்தது. 1912-இல் தார்ப்புக்குத் துணையாக ஆடிய ஜோ கயோன், 1917-இல் ஜார்ஜியா டெக் அணிக்காக ஆடினார். அந்த ஆண்டு அது ஒரு தோல்வியும் இல்லாமல் நாட்டின் முதல் அணியாக ஏற்கப்பட்டது.