பக்கவாதம் இடது காலில், முகாமில் பார்த்ததோ வலது காலை

கேள்வி: என் கணவருக்கு 63 வயது. எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது ஊன்றுகோல் பிடித்துக் குளியலறை வரை போய்வருகிறார். போன மாதம் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடந்தது. வலது குதிகாலைக் கருவியில் வைத்துப் பார்த்து, "எண்பது வயது எலும்பு, நடந்தாலே முறியும்" என்றார்கள். ஆறு மாதத்துக்கு மாத்திரையும் பவுடரும் சேர்த்து 18,000 ரூபாயாம். பயந்துபோய் நடையை நிறுத்திவிட்டோம். வாங்கலாமா? - தஞ்சாவூர் வாசகி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. நிறுத்திய நடையை மறுபடி தொடங்குங்கள்.

இடது பக்கம் விழுந்தவருக்கு வலது குதிகாலைப் பார்த்திருக்கிறார்கள். இடது காலைத் தூக்கி வைப்பது சிரமம் என்பதால் எளிதாக வந்த காலை வைத்திருப்பார்கள். அந்தக் கருவி குதிகால் வழியாக ஒலியலையை அனுப்பிப் பார்க்கிறது. யாரை மேற்கொண்டு சோதிக்கலாம் என்று வடிகட்டுவதற்கு அது உதவும். அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது, மருந்தும் தரக் கூடாது. இந்த முகாம்களில் கருவி இலவசம், பயம்தான் விற்பனைக்கு. சீட்டில் சிவப்புக் கோடு வராமல் வெளியே வந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. "தேய்மானம்" என்ற சொல்லையும் அங்கே தாராளமாக இறைப்பார்கள். தேய்வது மூட்டு. உங்கள் கணவர் விஷயத்தில் நாம் கவலைப்படுவது எலும்பின் அடர்த்தி குறைவதைப் பற்றி. இரண்டும் வேறு.

அந்தக் கவலை நியாயமானதுதான். எலும்பு தினமும் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் கட்டப்படுகிறது. தசை இழுத்தால், உடல் எடை அழுத்தினால்தான் கட்டும் வேலை நடக்கும். விழுந்த பக்கத்தில் இரண்டுமே குறைந்துவிடுவதால் முதல் ஆண்டிலேயே எலும்பு வேகமாக மெலிகிறது. காலைவிடக் கையில் அதிகம். எழுந்து நடக்காமலே இருப்பவர்களுக்கு முதல் ஆண்டில் அந்தப் பக்க இடுப்பெலும்பின் கழுத்துப் பகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடலாம். ஆகவே நடந்தால் முறியும் என்று படுக்கவைத்தால், முறிவதற்கு நாமே வழிசெய்து கொடுத்தது போலாகும்.

நடையைவிட முக்கியமான ஒன்று, உட்கார்ந்து எழுவது. அவர் நாற்காலியிலிருந்து எழும்போது பாதங்களைக் கவனியுங்கள். இடது பாதம் முன்னே நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும், முழு எடையையும் வலது கால் சுமக்கும். இடது பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, வலதைக் கொஞ்சம் முன்னே வைத்து எழச் சொல்லுங்கள். இடது கால் வேறு வழியில்லாமல் வேலை செய்யும். நாற்காலி மரத்தாலானதாக, சுவரை ஒட்டி இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். முடியவில்லை என்றால் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். இடது பக்கம் ஒருவர் நிற்க வேண்டும், ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணியபடி ஐந்து முறையில் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள்.

எடை பார்க்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால் அதை இடது பாதத்தின் கீழும், அதே உயரத்துக்கு ஒரு பலகையை வலது பாதத்தின் கீழும் வைத்து, மேசையைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு முள் 12இல் நிற்பதைக் கண்ணால் பார்த்தால் அவருக்கே ரோஷம் வரும். 30க்கு நகர்த்துவதுதான் வேலை.

பயிற்சி செய்தால் தசை இறுக்கம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழைய கதை.

பரிசோதனை வேண்டுமென்றால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள், இடது இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு எடுங்கள். கூடவே ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். வைட்டமின் டி குறைந்திருந்தால் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்றாகத் தருவார்கள். அதைத் தினமும் விழுங்கிச் சிறுநீரகம் கெட்டு வந்தவர்கள் உண்டு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு அடர்த்திக்கு வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் மாத்திரை எழுதுவது வழக்கம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது உங்கள் கணவருக்குப் புரையேறுகிறதா? குடித்தபின் குரல் கரகரக்கிறதா? நேராக உட்கார முடியாமல் சாய்கிறாரா? ஒன்று இருந்தாலும் அந்த மாத்திரை வேண்டாம். உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கவே கூடாது. எழுதிக் கொடுப்பவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது. சிறுநீரகத்தையும் வைட்டமின் டியையும் பார்த்த பிறகே அதைப் போடலாம்.

இதையெல்லாம் எட்டு மாதங்களுக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மூளைக்கு ஒரு துறை, எலும்புக்கு ஒரு துறை. நடுவில் இருக்கும் இடுப்பு யாருடைய பொறுப்பு என்பது முறிந்த பிறகுதான் தெரியவரும். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்றிருக்கும். எங்கே, யாரிடம், எத்தனை நாள்? நானும் பல ஆண்டுகள் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியவன்தான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒரு முறை கேட்டால் நடக்காது, விடாமல் கேளுங்கள்.

18,000 ரூபாயில் ஒரு சிறு பங்கைக் குளியலறைக்குச் செலவிடுங்கள். இந்த நோயாளிகள் பெரும்பாலும் விழுந்த பக்கமாகவே சாய்கிறார்கள், அந்தக் கையால் ஊன்றிக்கொள்ளவும் முடியாது. இரவில் விளக்கு எரியட்டும். கழன்று விழும் ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளதாக வாங்குங்கள். வேட்டி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். கைப்பிடியை அவருடைய வலது கைக்கு எட்டும் சுவரில் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பியைக் காட்டி "இதுவே போதும்" என்று பிளம்பர் சொல்வார். விடாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது.