வான்ஸ்டெட் பூங்காவில் அந்த மாளிகையைக் காணோமே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். லண்டனுக்கு வந்து மேனர் பார்க்கில் அறை எடுத்து மூன்று வாரம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போவதென்று தெரியவில்லை, கூட இருப்பவர்கள் வான்ஸ்டெட் பூங்காவுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மேப்பில் அதற்குள் ‘டெம்பிள்’ என்று போட்டிருக்கிறதே, நம் கோயிலா, அங்கே பெரிய மாளிகை இருந்ததாமே, ஏன் காணோம் என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசியில், ‘இந்த ஊர் இன்னும் ஒட்டவே இல்லை அண்ணா’ என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோயில் வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே சர்ச் ரோடில் முருகன் இருக்கிறார். பூங்காவில் இருக்கும் டெம்பிளில் சாமி கிடையாது. 1760 வாக்கில் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று முகப்பில் தூண் வைத்துக் கட்டிய சின்னக் கட்டடம். அந்தக் காலத்துப் பிரபுக்கள் ரோமாபுரிக் கோயில் சாயலில் இப்படிக் கட்டிவைப்பார்கள்.

மாளிகையின் கதை எனக்குத் தெரியவந்தது தூக்கத்தால். இருபது வருஷத்துக்கு முன், நான் வந்த முதல் குளிர்காலம். பெக்டன் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை. விடிகாலையில் 101 பஸ்ஸில் ஏறினால் ஈஸ்ட் ஹாமில் இறங்க வேண்டும். ஒருநாள் அசந்துபோய்ப் பிளேக் ஹால் ரோடு வரை போய்விட்டேன். பதறி இறங்கினால், ஓவர்ட்டன் டிரைவ் முனையில் சாலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கல்தூண்கள். அரண்மனை வாசல்தூண் மாதிரி. ஆனால் வாசலும் இல்லை, அரண்மனையும் இல்லை, உள்ளே வரிசையாகச் சாதாரண வீடுகள். கையுறையைக் கழற்றி அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், பனிக்கட்டி போல இருந்தது. ஊரில் இடிந்த கோயிலின் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தால் மனதை என்னவோ செய்யுமே, அப்படி இருந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த எஸ்டேட்டை 1673-இல் வாங்கியவர் ஜோசையா சைல்ட். கப்பற்படைக்குச் சரக்கு சப்ளை செய்து பணம் சேர்த்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளை வாங்கிக் குவித்து, 1681-இல் அதன் தலைவராகவே ஆனார். நான் ராயபுரத்துக்காரன். இவர் யாரென்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது இவருடைய யோசனையில். மதராஸ் ஜனங்கள் வரி கொடுக்க முரண்டு பிடிக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களையும் உறுப்பினராகச் சேர்த்து ஒரு நகரசபை வைத்தால் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டார். சோழமண்டலக் கரையில் நெய்த துணி ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறி லண்டனில் ஏலம் போன காலம் அது. அந்த லாபத்தில் ஒரு பங்குதான் இங்கே மரமாகவும் குளமாகவும் ஆனது. 1683-இல் வந்து பார்த்த ஜான் ஈவ்லின் என்பவர், மரம் நடவும் மீன்குளம் வெட்டவும் சைல்ட் கொட்டிய பணத்தைப் பார்த்து மலைத்துப்போய் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

மாளிகையைக் கட்டியது மகன் ரிச்சர்ட். 1715 வாக்கில் தொடங்கி, கோலன் கேம்ப்பெல் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பினார். 260 அடி முகப்பு, வெள்ளை போர்ட்லண்ட் கல், நடுவில் ஆறு தூண்கள். உள்ளே குடும்பமும் விருந்தாளிகளும் கூடியிருப்பதை ஓவியர் ஹோகார்த் வரைந்தார். அந்தப் படம் இப்போது அமெரிக்காவில், பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனிமேல் வருவதுதான் எனக்கு மனசு ஆறாத பகுதி. 1805-இல், ரிச்சர்டின் வம்சத்தில் வாரிசாக இருந்த சின்னப் பையன் இறந்துபோக, சொத்து முழுவதும் அவன் அக்கா கேத்தரின் டில்னி லாங் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வந்தது. பின்னாளில் நான்காம் வில்லியம் என்று அரசராக முடிசூடியவரே அவளைப் பெண் கேட்டார். அவளோ 1812-இல் வில்லியம் வெல்லஸ்லி போல் என்பவனைக் கட்டிக்கொண்டாள். நெப்போலியனைத் தோற்கடித்த தளபதி வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன். சூதும் ஆடம்பரமுமாகப் பத்தே வருஷத்தில் எல்லாம் கரைந்தது. 1822-இல் கடன்காரர்களுக்குப் பயந்து அவன் நாட்டை விட்டே ஓடினான். வீட்டில் இருந்த சாமான்களை ஏலம் விட 32 நாள் ஆயிற்று. நிலத்தைக் குடும்ப ஏற்பாட்டின்படி விற்க முடியாது, ஆனால் வீட்டை விற்கலாம். வீடாக வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் கல், மரம், ஈயம் என்று இடித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி 10,000 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டி நூறு வருஷம்தான் ஆகியிருந்தது. 1825-இல் கேத்தரின் இறந்தாள், வயது 35. பிள்ளைகளைத் தகப்பனிடம் விடக்கூடாது என்று அவள் தங்கைகள் வழக்காடினார்கள். 1827-இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் தகப்பனுக்கே சொந்தம் என்று இருந்த காலத்தில் அது பெரிய விஷயம். அவள் உயிரோடு இருந்து அதைக் கேட்கவில்லையே என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

அப்புறம் லண்டன் மாநகரசபை 1880-இல் பூங்கா நிலத்தை வாங்கி, 1882-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. டிக்கெட் எதுவும் கிடையாது. மாளிகை நின்ற இடம் மட்டும் பக்கத்து கோல்ஃப் மைதானத்துக்குள் போய்விட்டது. அங்கே இன்றைக்கும் தரை பள்ளமாகவே இருக்கிறது. பழைய குதிரை லாயம்தான் கோல்ஃப்காரர்களின் கிளப்.

போகும்போது நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சேறு விடாது. மேனர் பார்க்கிலிருந்து 101 பிடித்தால் போதும், இல்லையென்றால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியைத் தாண்டி நடக்கலாம். நீர்க்கரையில் இடிந்து நிற்பது கிரோட்டோ, சிப்பியும் பளிங்கும் பதித்த படகுத்துறை மண்டபம், 1884-இல் தீப்பிடித்து எரிந்தது. ஏப்ரல் கடைசியில் போனால் ஷாலே வுட் என்ற தோப்பில் தரையெல்லாம் நீலப்பூ பூத்திருக்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள், மிதிபட்டால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூக்காது. ஓவர்ட்டன் டிரைவில் செயின்ட் மேரி தேவாலயம் திறந்திருக்கும் நாளில் உள்ளே போய்ப் பாருங்கள், ஜோசையா சைல்டின் பெரிய நினைவுச்சின்னம் அங்கேதான்.

இந்த ஞாயிறு எனக்கு விடுமுறை. பதினோரு மணிக்கு அந்தக் கல்தூண்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வாருங்கள். வீட்டில் புளியோதரை கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.