விண்டோஸ் 11-ஐ நம் கைக்கு வாகாக மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பழையபடி இடது ஓரத்துக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: திரையின் அடியில் இருக்கும் பட்டைதான் டாஸ்க்பார், அதில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்கள். அடியில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் இருக்கும், அதில் அலைன்மென்ட் என்பதை லெஃப்ட் ஆக்கினால் முடிந்தது. போனதே போனீர்கள், அங்கேயே விட்ஜெட்ஸையும் அணைத்துவிடுங்கள். மவுஸ் தெரியாமல் ஓரத்தில் பட்டாலே செய்தி, வானிலை என்று திரையை மறைப்பது அதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம். ரெசல்யூஷனைக் குறைத்துக் கொடுத்தேன், எல்லாமே மங்கிவிட்டது.

பதில்: ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள், 'ரெக்கமண்டட்' என்று போட்டிருக்கும் அளவே இருக்கட்டும். செட்டிங்ஸின் டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது, அதை 125 சதவீதம் ஆக்கினால் எழுத்து, ஐகான், பட்டன் எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். அது போதவில்லை என்றால் செட்டிங்ஸிலேயே ஆக்ஸசிபிலிட்டி பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் இருக்கிறது, இது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், 225 சதவீதம் வரை போகலாம். ஆனால் எடுத்த எடுப்பில் இதை ஏற்றினால் சில பழைய மென்பொருள்களில் பட்டனுக்குள் எழுத்து பாதி வெட்டுப்பட்டு நிற்கும், அதனால் முதலில் ஸ்கேல், அப்புறம்தான் இது. அதே ஆக்ஸசிபிலிட்டியில் மவுஸ் பாயின்டரைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்துப் பாருங்கள். வயதானவர்கள் பாதி நேரம் அம்புக்குறி எங்கே போனது என்றுதான் தேடிக்கொண்டிருப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: சார், தமிழில் டைப் செய்யத் தனியாக ஏதாவது இன்ஸ்டால் பண்ண வேண்டுமா?

பதில்: தேவையே இல்லை, விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன், ஆட் எ லாங்குவேஜ் கொடுத்துத் தமிழைச் சேருங்கள். 'டிஸ்ப்ளே லாங்குவேஜ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெனுவெல்லாம் தமிழாகி எது எங்கே என்று தடுமாறுவீர்கள். பிறகு தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ்99 கீபோர்டைச் சேருங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்தில் அடித்தே பழகியவர்களுக்கு ஃபோனெட்டிக் கீபோர்டும் உண்டு. நான் தமிழ்99 கட்சி. 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய முறை இது, உயிர் இடது கையில், மெய் வலது கையில். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேகம் கூட்டும் 'கிளீனர்' மென்பொருள் எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பாருங்கள். கணினி போட்டதும் தானாக ஓடத் தொடங்கும் கூட்டம் முழுக்க அங்கே இருக்கும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டதை விட்டுவிட்டு, நீங்களே திறந்துகொள்ளக்கூடியதை எல்லாம் டிசேபிள் செய்யுங்கள்.

கேள்வி: ரைட் கிளிக் மெனு பாதிதான் வருகிறது, ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புகள் சேமித்திருக்கும் இடம்) மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய முழு மெனு வரும். இதற்குப் போய் ரெஜிஸ்ட்ரியா!

கேள்வி: கடையில் பில் போடுகிறேன். ஒரே முகவரி, ஜிஎஸ்டி எண்களைத் திரும்பத் திரும்ப காப்பி பண்ண வேண்டியிருக்கிறது.

பதில்: விண்டோஸ் கீயும் 'வி'யும் சேர்த்து அழுத்துங்கள், முதல் முறை 'டர்ன் ஆன்' கேட்கும். அதன் பிறகு காப்பி செய்தவற்றில் கடைசி 25 அதில் வரிசையாக நிற்கும், வேண்டியதைக் கிளிக் செய்தால் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி வேண்டியதை 'பின்' (pin) அடித்து நிறுத்திவிடுங்கள், கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. ஒன்று மட்டும், நீங்கள் காப்பி செய்யும் பாஸ்வேர்டும் அந்த வரிசையில் வந்து நிற்கலாம். கடைப் பையன்களும் அதே கணினியில்தான் உட்காருவார்கள் என்றால் வேலை முடிந்ததும் 'கிளியர் ஆல்' கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.