ஆணையம் அமைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: குழந்தைகளின் உரிமைகளைக் காக்க அரசுகள் ஆணையங்களை அமைக்கின்றன, அவற்றின் பரிந்துரைகளோ கோப்புகளிலேயே தங்கிவிடுகின்றன. இவற்றை வலுப்படுத்த எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அரசாணையால் உருவான அமைப்பை அடுத்து வரும் அரசு மற்றோர் ஆணையால் எளிதில் கலைத்துவிடலாம். 1981இல் நார்வே குழந்தைகளுக்கென முதன்முதலாகக் குறைதீர்ப்பாளரை நியமித்தபோது, அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 1993இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாரீஸ் கோட்பாடுகளும் தேசிய மனித உரிமை அமைப்புகளுக்குச் சட்ட அடித்தளம், சுதந்திரம், போதிய நிதி ஆகியவற்றை வலியுறுத்துகின்றன.

நிதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தத் துறையின் தவறுகளை விசாரிக்க வேண்டுமோ, அதே துறையிடம் ஊழியர்களுக்காகவும் பயணச் செலவுக்காகவும் காத்து நிற்கும் ஆணையம், அத்துறை நடத்தும் காப்பகத்துக்குள் முன்னறிவிப்பின்றி நுழைந்து ஆய்வு செய்யும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? ஆகவே, அதற்கான நிதியை நாடாளுமன்றமே நேரடியாக ஒதுக்க வேண்டும். தலைவர் பதவி காலியாவதற்கு முன்பே அடுத்தவரைத் தேர்வு செய்துவிட வேண்டும். பரிந்துரையை ஏற்க மறுக்கும் துறை, குறித்த காலத்துக்குள் அதன் காரணத்தை எழுத்தில் வெளியிடுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது புகார் அளிக்கும் வழிதான். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு வழங்குகிறது. ஆயினும், பெரியவர் ஒருவரின் கையொப்பம் இன்றிப் புகாரை ஏற்க மாட்டோம் என்று விதி வகுத்தால், துன்புறுத்துபவரே அந்தப் பெரியவராக இருக்கும் குழந்தைக்குக் கதவு அடைபட்டுவிடுகிறது. அந்த விதியை முதலில் நீக்க வேண்டும்.